முப்பதைத் தாண்டிய ஆட்டக்காரருக்கு என்ன விலை? கூடைப்பந்து சிம் லீக்குகளில் மூத்த வீரர்கள்

உங்கள் அணியில் 31 வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார். ரேட்டிங் (மொத்தத் திறமைக்கான மதிப்பெண்) 66. லீக்கின் நல்ல ஆட்டக்காரர்கள் என்று பட்டியல் போட்டால் மேலேயே வருவார். இன்னொரு அணி அவரைக் கேட்கிறது. பதிலுக்கு 20 வயதுப் பையன் ஒருவனையும் அடுத்த ஆண்டின் டிராஃப்டில், அதாவது அணிகள் புதுமுகங்களை முறை வைத்து எடுக்கும் நிகழ்ச்சியில், முதல் சுற்று உரிமையையும் தருகிறதாம். பையனின் ரேட்டிங் இன்றைக்கு 47தான். ஆனால் பக்கத்திலேயே 'பொட்டென்ஷியல் 68' (பின்னாளில் எட்டக்கூடிய ரேட்டிங்) என்று திரை ஆசை காட்டுகிறது. கொடுப்பீர்களா?

கம்ப்யூட்டரில் கூடைப்பந்து சிம் லீக் நடத்துகிறவர்களில் பலர் யோசிக்காமல் கொடுத்துவிடுவார்கள். 'முப்பது தாண்டினால் விற்றுவிடு' என்பது இந்த உலகத்தில் வேதவாக்கு மாதிரி. எனக்கு இதில் உடன்பாடில்லை. எல்லோரும் வயதைப் பார்த்தே விலை வைக்கும் சந்தையில், மூத்த வீரர்தான் மலிவான சரக்கு. ஆனால் அவரை வருடத்தின் எந்த மாதத்தில் வாங்குகிறோம், எந்த மாதத்தில் விற்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது லாபமா நஷ்டமா என்று முடிவாகும். இதைப் புரிந்துகொள்ள, இந்த விளையாட்டுகளுக்குள் வயது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு தெளிவு. நிஜ என்பிஏ (அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) ஆட்டங்களில் யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்பதை வைத்து ஆடும் வழக்கமான ஃபேன்டஸி வேறு. அங்கே ஆட்டக்காரருக்கு வயதாவது நிஜத்தில்தான். சிம் லீக்கில் ஆட்டம் நடப்பதும் கம்ப்யூட்டருக்குள்ளே, வயதாவதும் கம்ப்யூட்டருக்குள்ளே. நாம் ஜெனரல் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து ஆட்களை எடுக்கிறோம், மாற்றுகிறோம், சம்பளம் பேசுகிறோம். மிச்சத்தை நிரல் பார்த்துக்கொள்கிறது. இந்த வகையில் பல விளையாட்டுகள் உண்டு. நான் இங்கே எடுத்துக்கொள்வது 'பேஸ்கட்பால் ஜிஎம்'. ஜெரமி ஷெஃப் என்ற அமெரிக்க நிரலாளர் உருவாக்கியது. பிரவுசரிலேயே இலவசமாக ஆடலாம், 2013 முதல் இருக்கிறது. எனக்கு இது பிடிக்க ஒரு முக்கியக் காரணம், இதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். மற்ற விளையாட்டுகளில் 'வயதானால் இப்படி ஆகும் போலிருக்கிறது' என்று ஊகிக்கிறோம். இதில் பார்த்தே சொல்லலாம்.

சரி, உள்ளே போவோம்.

ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் 15 தனித்தனி மதிப்பெண்கள் இருக்கின்றன. உயரம், வலு, வேகம், எம்பும் திறன், தாக்குப்பிடிக்கும் திறன் ஆகிய ஐந்தும் உடம்பைச் சேர்ந்தவை. கூடைக்கு அடியில் ஆடுவது, டங்க் (எம்பிப் பந்தைக் கூடைக்குள் திணிப்பது), ஃப்ரீ த்ரோ, நடுத்தூர ஷாட், மூன்று புள்ளி ஷாட் ஆகிய ஐந்தும் புள்ளி எடுக்கும் வித்தைகள். தாக்குதலில் ஆட்ட அறிவு, தற்காப்பில் ஆட்ட அறிவு, பந்தைத் தட்டிச் செல்லுதல், பாஸ், ரீபவுண்ட் என்பன மற்ற ஐந்து. இந்தப் பதினைந்துக்கும் வெவ்வேறு எடை கொடுத்துக் கூட்டினால் வருவதுதான் நாம் திரையில் பார்க்கும் ஒட்டுமொத்த ரேட்டிங்.

வருடத்துக்கு ஒருமுறை இந்த எண்கள் எல்லாம் மாறும். மாற்றத்தில் இரண்டு பகுதி. ஒன்று, வயதுக்கேற்ற பொதுவான சாய்வு. 22 வயது வரை மேல்நோக்கி, 25-27 வாக்கில் கிட்டத்தட்ட சமதளம், அதற்குப் பிறகு மெல்லக் கீழ்நோக்கி, முப்பதைத் தாண்டியதும் இன்னும் செங்குத்தாக. இரண்டாவது பகுதி அதிர்ஷ்டம், அதாவது பகடை. இளையவர்களுக்கு இந்தப் பகடை தாராளமானது. ஒரு 20 வயதுப் பையன் ஒரே கோடையில் பத்துப் புள்ளி தாவி நட்சத்திரமாகிவிடலாம். இருபதுகளின் நடுவைத் தாண்டியவர்களுக்கு அந்த மாதிரித் தாவலுக்கு நிரலில் இடம் மிகக் குறைவு. 32 வயதுக்காரர் திடீரென்று வேறு ஆளாக மாறி வர மாட்டார்.

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் 'விற்றுவிடு' கட்சிக்காரர்கள் சொல்வது சரி என்றுதான் தோன்றும். ஆனால் நிரல் இத்தோடு நிற்கவில்லை. பொதுச் சாய்வுக்கு மேல் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் தனியாக ஒரு வயதுக் கணக்கு இருக்கிறது, அது எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. எம்பும் திறன்தான் முதலில் விழும். இருபதுகளின் பின்பாதியிலேயே அதன் இறக்கம் தொடங்கிவிடுகிறது. வேகம் அதை ஒட்டியே இறங்கும். தாக்குப்பிடிக்கும் திறன் முப்பது வரை பிடித்து நின்று பிறகு தளரும். ஷாட் போடும் கையும் ஆட்ட அறிவும் வேறு ரகம். பொதுச் சாய்வு எவ்வளவு கீழே இழுக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவையும் இவற்றுக்கான தனிக்கணக்கு ஈடுகட்டிவிடுகிறது. அதனால் 34 வயதிலும் ஒருவரின் மூன்று புள்ளி ஷாட் 28 வயதில் இருந்த மாதிரியே இருக்கலாம். உயரமோ குறைவதே இல்லை.

ஆக, ஒரே ரேட்டிங், ஒரே வயது உள்ள இரண்டு பேர் ஒரே சரக்கு அல்ல. 66 ரேட்டிங்கை வேகத்தாலும் எம்புவதாலும் கட்டியவர் ஒருவர். அதே 66ஐ உயரம், ஷாட், பாஸ், ஆட்ட அறிவு ஆகியவற்றால் கட்டியவர் இன்னொருவர். இரண்டு பேருக்கும் 30 வயது. மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் முதலாமவர் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருப்பார், இரண்டாமவர் இன்னும் முதல் ஐவரில் ஆடிக்கொண்டிருப்பார். வயதை மட்டும் பார்த்து விலை பேசுகிறவர்கள் இருவரையும் ஒரே தட்டில் வைக்கிறார்கள். நமக்கு வாய்ப்பு இந்த இடத்தில்தான்.

இது நிரலாளர் இஷ்டத்துக்கு எழுதிய விதியும் அல்ல, நிஜத்தை ஒட்டியதுதான். என்பிஏவில் நாற்பதைத் தாண்டி ஆடியவர்களைப் பாருங்கள். கரீம் அப்துல் ஜபார் 42 வயதில் 1989இல் ஓய்வு பெற்றார். ராபர்ட் பாரிஷ் 1997இல் 43 வயதில் சிகாகோ புல்ஸோடு கோப்பையை வாங்கிக்கொண்டு விடைபெற்றார். டிகெம்பே முடோம்போ 42 வயது வரை, கெவின் வில்லிஸ் 44 வயது வரை. நால்வருமே ஏழடி ஆட்கள். வயதாகி உடம்பு மெதுவானாலும் ஏழடி ஏழடிதானே. குள்ளமானவர்களில் (கூடைப்பந்துக் கணக்கில்தான் குள்ளம்) ஜான் ஸ்டாக்டன் 41 வயது வரை ஆடினார். அவர் பிழைப்பு பாஸிலும் ஆட்ட அறிவிலும் நடந்தது, எம்புவதில் அல்ல.

வின்ஸ் கார்ட்டர் கதை இன்னும் சுவாரசியம். 2000ஆம் ஆண்டு டங்க் போட்டியில் ஜெயித்தவர், எம்புவதற்கென்றே பேர் போனவர். நம் கணக்குப்படி முதலில் காணாமல் போக வேண்டியவர். ஆனால் 22 சீசன் ஆடி, 43 வயதில் 2020இல்தான் நிறுத்தினார். கால் தளரத் தளர மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நகர்ந்து, பெஞ்சிலிருந்து வந்து ஷாட் போடும் ஆளாகத் தன்னை மாற்றிக்கொண்டார். ஜேசன் கிட்டும் அப்படித்தான். இளமையில் 'ஷாட்டே போடத் தெரியாது' என்று கேலி செய்யப்பட்டவர், 2013இல் ஓய்வு பெறும்போது வரலாற்றில் அதிக மூன்று புள்ளி ஷாட் போட்டவர்கள் வரிசையில் மூன்றாவது இடத்தில் இருந்தார். சிம் லீக்கில் கிட் மாதிரி ஒருவர் பிந்திய வயதில் இவ்வளவு முன்னேறுவது அரிது. கார்ட்டர் மாதிரி ஒருவர் உருவாவது நன்றாகவே நடக்கும்: தடகளத் திறனுக்கான குறி பெயருக்குப் பக்கத்திலிருந்து ஒருநாள் காணாமல் போகும், மூன்று புள்ளி ஷாட்டுக்கான குறி மட்டும் கடைசி வரை நிற்கும்.

அந்தக் குறிகள் வெறும் அலங்காரம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டக்காரர்களின் சிறப்புத் திறன்களுக்கு நிரல் ஒன்றிரண்டு எழுத்துக் குறிகள் தருகிறது. களத்தில் நிற்கும் ஐவரின் குறிகள் ஒன்றோடொன்று பொருந்தினால் அணிக்குக் கூடுதல் பலன் உண்டு. ஷாட் போடுகிறவர், பாஸ் கொடுக்கிறவர், பந்தைக் கையாள்கிறவர் கலந்து நின்றால் ரேட்டிங் சொல்வதைவிட அணி கொஞ்சம் நன்றாக ஆடும். மூத்தவர்கள் கைவிடாமல் வைத்திருக்கும் குறிகளில் பாதி இந்தச் சேர்க்கைக்குத் தேவையானவை.

இனி காலம். என்னைக் கேட்டால், சிம் லீக்கில் மூத்த வீரர் விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்றால் அது இந்த நாட்காட்டிதான்.

பேஸ்கட்பால் ஜிஎம்மில் ஒரு வருடம் இப்படிப் போகிறது. வழக்கமான சீசன், நடுவில் டிரேட் கெடு (அணிகள் ஆள் மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்), கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகள், அப்புறம் டிராஃப்ட், பிறகு நம் ஆட்களோடு ஒப்பந்தப் புதுப்பிப்பு, அதன்பின் ஒப்பந்தம் தீர்ந்தவர்களை எந்த அணியும் எடுக்கக்கூடிய 30 நாள் ஃப்ரீ ஏஜென்சி. இதெல்லாம் முடிந்த பிறகுதான் ப்ரீசீசன், அதாவது அடுத்த சீசனுக்கு முந்தைய கட்டம் வரும். எண்கள் மாறுவது அந்த ப்ரீசீசனில். திரும்பவும் வரிசையைப் பாருங்கள்: ஒப்பந்தம் போடுவது முன்னால், பகடை உருள்வது பின்னால்.

இதன் விளைவு என்ன? கோடையில் 32 வயதுக்காரர் ஒருவருக்கு மூன்று வருட ஒப்பந்தம் தருகிறீர்கள். நீங்கள் பார்த்தது போன வருடத்து ரேட்டிங். மையின் ஈரம் காயும் முன்பே ப்ரீசீசன் வந்து அவர் ஐந்து புள்ளி விழுந்துவிடலாம். சம்பளம் அப்படியே இருக்கும். வேண்டாம் என்று விடுவித்தாலும், ஒப்பந்தம் தீரும் வரை அந்தத் தொகை உங்கள் சம்பள வரம்புக் கணக்கில் (அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் வரம்பு) ஏறிக்கொண்டே இருக்கும். இளைய வீரருக்கும் இதே ஆபத்து உண்டுதான். ஆனால் அவர் விஷயத்தில் பகடை பெரும்பாலும் நம் பக்கம் விழும். மூத்தவர் விஷயத்தில் பெரும்பாலும் எதிர்ப்பக்கம்.

அதே வரிசையைத் தலைகீழாகப் பயன்படுத்துவதுதான் சூட்சுமம். ப்ரீசீசன் முடிந்த மறுநாள், மூத்த வீரரின் இந்த வருடத்து எண் உறுதியாகிவிடுகிறது. அடுத்த பகடை இன்னும் ஒரு வருடம் தள்ளி. காயம் படாத வரை, நீங்கள் திரையில் பார்ப்பதே சீசன் முழுக்கக் கிடைக்கும். அப்போது 33 வயது, 62 ரேட்டிங் என்றால் அந்த 62 நிச்சயமான 62. ஆனால் எதிர் அணியோ இன்னும் 'இவருக்கு 33' என்றே விலை வைத்துக்கொண்டிருக்கும். ஆகவே மூத்தவர்களை வாங்க வேண்டிய நேரம் ப்ரீசீசனுக்கும் டிரேட் கெடுவுக்கும் இடையில். விற்க வேண்டிய நேரம், பிளேஆஃப் முடிந்ததிலிருந்து அடுத்த ப்ரீசீசனுக்கு முன்பு வரை. அந்த ஒரு பகடையை யார் கையில் வைத்து உருட்டுகிறோம் என்பதுதான் பேரம்.

ஃப்ரீ ஏஜென்ட் சந்தையிலும் இது பொருந்தும். 30 நாளில் நாளாக நாளாக ஆட்கள் கேட்கும் தொகை இறங்கிக்கொண்டே வரும். யாரும் எடுக்காமல் ப்ரீசீசனையும் தாண்டி நிற்கும் மூத்தவர்களைப் பார்ப்பது, சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் காய்கறிச் சந்தைக்குப் போவது மாதிரி. பெரும்பாலும் சொத்தைதான். ஆனால் நல்லது ஒன்றிரண்டு கிடக்கும், அதுவும் சொன்ன விலைக்கு. பகடையில் தப்பிப் பிழைத்த ஒரு 34 வயது சென்டரை (கூடைக்கு அருகே ஆடும் உயரமான ஆள்) குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஒரே ஒரு வருடத்துக்கு எடுப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. அணியில் 15 பேருக்குத்தான் இடம் என்பதால் ஓர் இடத்தை மட்டும் முன்கூட்டியே காலி வைத்திருக்க வேண்டும்.

விலை ஏன் இவ்வளவு இறங்கிக் கிடக்கிறது? கம்ப்யூட்டர் ஓட்டும் அணிகள் ஒவ்வொன்றும் தன்னைக் 'கோப்பைக்குப் போட்டியிடும் அணி' அல்லது 'புதிதாகக் கட்டும் அணி' என்று ஒரு பெட்டியில் வைத்துக்கொள்கின்றன. முப்பதை ஒட்டியதுமே டிரேட் கணக்கில் வயதுக்கு ஒரு கழிவு உண்டு. புதிதாகக் கட்டும் அணிகளுக்கு இந்தக் கழிவு இன்னும் அதிகம். அவற்றுக்கு வேண்டியதெல்லாம் டிராஃப்ட் உரிமையும் இளைஞர்களும்தான். பட்டியலின் அடியில் கிடக்கும் அணியில் சிக்கியிருக்கும் 31 வயது நட்சத்திரத்தை, அந்த அணியே உங்களிடம் தள்ளிவிடப் பார்க்கும்.

இது முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கு 31 வயதுக்காரரால் ஒரு பயனும் இல்லை. அணி நிமிர்ந்து நிற்கும்போது அவர் இருக்க மாட்டார். விலை இரு தரப்புக்கும் நியாயமாக இருக்கக்கூடிய பேரம் இது. நிஜ என்பிஏவில் இதன் இரண்டு முகங்களையும் பார்த்திருக்கிறோம்.

2011இல் கோப்பை வென்ற டல்லாஸ் மேவரிக்ஸ் கிட்டத்தட்ட ஒரு மூத்தோர் சங்கம். டர்க் நோவிட்ஸ்கிக்கு 32, ஜேசன் டெர்ரிக்கும் ஷான் மரியனுக்கும் 33, ஜேசன் கிட்டுக்கு 38. பெஞ்சில் பெஜா ஸ்டோயாகோவிச்சுக்கு 34. எதிரே மயாமியில் 26 வயது லெப்ரான் ஜேம்ஸ், கூட டுவைன் வேட், கிறிஸ் பாஷ். 4-2 என்று டல்லாஸ் ஜெயித்தது. நம் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: ஏழடி ஷூட்டர் ஒருவர், பாஸும் ஆட்ட அறிவும் உள்ளவர் ஒருவர், தூரத்திலிருந்து போடுகிறவர்கள் சிலர். முதுமையைத் தாங்கும் திறன்கள் எல்லாம் அந்த அணியில் இருந்தன. அடுத்த வருடம் முதல் சுற்றிலேயே ஓக்லஹோமா சிட்டியிடம் 4-0 என்று தோற்று வெளியேறியது. 28 வயது டைசன் சாண்ட்லரை அவர்கள் அந்தக் கோடையில் விட்டுவிட்டதும் ஒரு காரணம். இருந்தாலும் வென்ற கோப்பை வென்றதுதான். ஒரு கோப்பைக்கு ஒரு சரிவு என்ற இந்தக் கணக்கை சிம் லீக்கில் யார் கொடுத்தாலும் நான் வாங்கிக்கொள்வேன்.

மறுமுகம் புரூக்ளின் நெட்ஸ். 2013 கோடையில் பாஸ்டனிடமிருந்து 37 வயது கெவின் கார்னெட், 35 வயது பால் பியர்ஸ், 35 வயது ஜேசன் டெர்ரி ஆகியோரை வாங்கினார்கள். கொடுத்தது 2014, 2016, 2018 முதல் சுற்று உரிமைகள், கூடவே 2017இல் டிராஃப்ட் வரிசையில் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை. அந்த சீசனில் 44 ஆட்டம் ஜெயித்து, இரண்டாம் சுற்றில் மயாமியிடம் 4-1 என்று தோற்றார்கள். ஒரு வருடத்தில் பியர்ஸ் போய்விட்டார், 2015 பிப்ரவரியில் கார்னெட்டும் மினசோட்டாவுக்குப் போனார். பாஸ்டனோ 2016 உரிமையில் ஜேலன் பிரவுனை எடுத்தது. 2017இல் இடம் மாற்றியதில் கிடைத்த முதலிடத்தை பிலடெல்பியாவோடு பேரம் பேசி மூன்றாமிடத்துக்கு இறங்கி ஜேசன் டேட்டமை எடுத்தது. அந்த இருவரும் சேர்ந்து 2024இல் பாஸ்டனுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்கள்.

இதைச் சொல்லித்தான் 'மூத்தவர்களை வாங்காதே' என்று பலர் வாதாடுவார்கள். ஆனால் உற்றுப் பார்த்தால் நெட்ஸ் செய்த தவறுகள் வேறு. வாங்கியது கோடையில், அதாவது அடுத்த வருடம் எப்படி ஆடுவார்கள் என்று தெரியும் முன்பே. கொடுத்தது ஐந்து வருடம் நீளும் விலை. வாங்கியதோ ஒரு வருடச் சரக்கு. அந்த ஆட்கள் முடிந்துபோன பிறகும் கடன் ஓடிக்கொண்டிருந்தது. சிம் லீக்கில் இதே தவறு நீண்ட ஒப்பந்தமாகவும் வரும், தூரத்து டிராஃப்ட் உரிமையாகவும் வரும். மூத்தவருக்குக் கொடுக்கும் விலை அவரோடேயே தீர்ந்துவிட வேண்டும் என்பது என் அளவுகோல். இந்த வருடத்து உரிமை ஒன்றைக் கொடுக்கலாம். நீங்கள் ஜெயிக்கிற அணி என்றால் அது எப்படியும் சுற்றின் கடைசியில் வரும். மூன்று வருடம் தள்ளிய உரிமையைக் கொடுக்கக் கூடாது. அந்த வருடம் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

மூத்தவர் யார் என்பதோடு, அவர் அணியில் எத்தனையாவது ஆள் என்பதும் கணக்கு. அணியின் ஒட்டுமொத்த பலத்தைக் கணிக்கும்போது, ரேட்டிங் வரிசையில் முதல் பத்துப் பேரை மட்டும் நிரல் எடுத்துக்கொள்கிறது. முதலாமவருக்கு அதிக எடை, இறங்க இறங்க எடை வேகமாகத் தேய்கிறது. எட்டாவது ஆளை 45லிருந்து 50ஆக உயர்த்துவதைவிட, இரண்டாவது ஆளை 62லிருந்து 67ஆக உயர்த்துவது பல மடங்கு பெரிய விஷயம். ஆகையால் சிம் லீக்கில் மூத்தவரை வாங்குவதென்றால் பெரிய ஆளாக வாங்க வேண்டும். முன்னாள் நட்சத்திரங்களைப் பெஞ்சில் வரிசையாக அடுக்கி வைப்பது பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

நிஜத்தில் இது அப்படியே பொருந்தாது. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 2014இல் 38 வயது டிம் டங்கன், 36 வயது மானு ஜினோபிலியை வைத்துக்கொண்டு கோப்பை வென்றது. அந்த சீசனில் அந்த அணியில் ஒருவர்கூட ஆட்டத்துக்குச் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. பெஞ்சை நம்பி மூத்தவர்களின் கால்களை மிச்சம் பிடித்தார்கள். பேஸ்கட்பால் ஜிஎம்மில் இந்த வித்தைக்கு வேலையே இல்லை. ஓர் ஆட்டத்துக்குள் களைப்பு உண்டு. தாக்குப்பிடிக்கும் திறன் குறைந்தவர் சீக்கிரம் சோர்ந்து பெஞ்சுக்கு வருவார். ஆனால் சீசன் முழுக்கச் சேர்ந்துகொண்டே போகும் களைப்பு என்று ஒன்று கிடையாது. 37 வயதுக்காரரை 82 ஆட்டமும் ஆடவிட்டாலும், காயம் படாவிட்டால் ஏப்ரலில் அக்டோபரைப் போலவே இருப்பார். வயது கூடக் கூடக் காய வாய்ப்பு சற்றுக் கூடுகிறது, மூத்தவர் தலையில் வைக்கும் கூடுதல் சுமை அது மட்டும்தான். இந்த விஷயத்தில் நிரல் முதியவர்களிடம் நிஜத்தைவிடக் கருணையாக இருக்கிறது.

வேறொரு விஷயத்தில் கருணையே இல்லை. யூடோனிஸ் ஹாஸ்லெம் மயாமி ஹீட் அணியில் 20 சீசன் இருந்து 2023இல் ஓய்வு பெற்றார். கடைசி ஏழு சீசன்களில் ஒன்றில்கூட அவர் 20 ஆட்டத்தைத் தொடவில்லை. 2020-21இல் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். அதிலும் களத்துக்கு வந்த மூன்று நிமிடத்துக்குள் சண்டை போட்டு வெளியேற்றப்பட்டார். இருந்தும் மயாமி வருடா வருடம் அவருக்கு ஓர் இடம் ஒதுக்கியது. ஓய்வறையில் இளைஞர்களை ஒழுங்குபடுத்த அவர் வேண்டும் என்று அந்த அணி நம்பியது. பேஸ்கட்பால் ஜிஎம்மில் ஹாஸ்லெம்முக்கு இடமே இல்லை. மூத்தவர் பக்கத்தில் இருப்பதால் இளையவர் வேகமாக வளர்வது என்கிற விதி நிரலில் கிடையாது. இளையவர் வளர்ச்சியைத் தூக்கிவிடவும் மூத்தவர் சரிவைக் கொஞ்சம் தடுக்கவும் பயிற்சிக்கு ஒதுக்கும் பட்ஜெட் ஒன்றுதான் வழி. மூத்தவர்கள் நிறைந்த அணி வைத்திருப்பவர் அந்தப் பட்ஜெட்டில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

இதை ஒரு குறை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓய்வறைச் செல்வாக்கை எண்ணாக மாற்றினால் அதுவும் பதினாறாவது மதிப்பெண்ணாகி, எல்லோரும் அதற்கும் விலை போட்டு வாங்கத் தொடங்குவார்கள். ஹாஸ்லெம்மை மயாமி வைத்திருந்ததே, விலை போட முடியாத காரணத்துக்காகத்தான்.

சம்பள விதியிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நிஜ என்பிஏவில் அனுபவம் கூடக் கூடக் குறைந்தபட்சச் சம்பளமும் கூடும். அப்படியானால் அணிகள் மலிவான இளைஞரையே எடுக்கும் என்பதால், ஒரு வருட ஒப்பந்தமாக இருந்தால் மூத்தவருக்கான கூடுதல் தொகையை லீக்கே ஏற்றுக்கொள்கிறது. மேல்மட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை: பத்து வருட அனுபவம் உள்ள நட்சத்திரம் சம்பள வரம்பில் 35 சதவீதம் வரை கேட்கலாம், ஆறு வருடத்துக்குள் இருப்பவருக்குப் பொதுவாக 25 சதவீதம்தான் உச்சம். அதனால் நிஜத்தில் மூத்த நட்சத்திரம் என்றாலே விலை உயர்ந்த நட்சத்திரம். சிம் லீக்கிலோ குறைந்தபட்சமும் அதிகபட்சமும் எல்லா வயதுக்கும் ஒன்றே. இந்த ஒரு விதி இல்லாததாலேயே பெரிய மூத்தவர்கள் அங்கே நிஜத்தைவிட மலிவாகக் கிடைக்கிறார்கள்.

இதுவரை சொன்னது கம்ப்யூட்டர் அணிகளை எதிர்த்து ஆடும்போது. பல மனிதர்கள் ஆளுக்கோர் அணியை எடுத்து, ஒருவர் பொறுப்பாளராக இருந்து நடத்தும் லீக்குகளில் கதை கொஞ்சம் மாறும். எல்லா ஆட்களையும் ஒரே குவியலில் போட்டு வரிசையாக எடுக்கும் ஃபேன்டஸி டிராஃப்டோடு தொடங்கினால், முதல் சுற்றுகளில் 19, 20 வயதுக்காரர்கள் பறந்துவிடுவார்கள். வருங்காலத்தின் மேல் மனிதர்களுக்கு இருக்கும் மோகம் நிரலுக்கு இருப்பதைவிட அதிகம். பத்து அணி 'மூன்று வருடம் கழித்து ஜெயிக்கிறேன்' என்று கிளம்பினால், மூன்று வருடம் கழித்து அதில் ஒன்றுதான் ஜெயிக்கும். இடைப்பட்ட மூன்று கோப்பைகளும் வழியில் கிடக்கும், எடுக்க ஆளில்லாமல். மூன்றாவது நான்காவது சுற்றில் இறங்கி வரும் 30 வயதுக்காரர்களை அள்ளிக்கொண்டவர் அவற்றில் ஒன்றையாவது எடுத்துவிடுவார்.

பொட்டென்ஷியல் எண்ணைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. அது வாக்குறுதி அல்ல, நிரலே போடும் ஊகம். அதற்கு மேல், நமக்குக் காட்டப்படும் எண்களில் வேண்டுமென்றே கொஞ்சம் பிழை கலக்கப்படுகிறது. இளையவர்களுக்கு அந்தப் பிழை அதிகம், அனுபவம் சேரச் சேரக் குறையும். 47/68 பையனிடம் இரண்டு எண்ணுமே சந்தேகத்துக்குரியவை. 66 ரேட்டிங் மூத்தவரிடம் 66 என்பது ஏறக்குறைய 66தான்.

நிஜ ஆட்டக்காரர்களோடு தொடங்கும் லீக்குகளில் இன்னொரு குழப்பம். பேஸ்கட்பால் ஜிஎம்மில் பழைய காலத்து ஏதாவதொரு சீசனைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து வரலாற்றைத் திரும்ப ஓட்டலாம். 2003இல் தொடங்கி லெப்ரானை எடுத்தவர், அவர் நாற்பது வயதிலும் ஆடுவார் என்று நம்பி உட்கார்ந்திருப்பார். ஆனால் தொடக்கப் புள்ளி மட்டும்தான் நிஜம், அதற்குப் பிறகு லெப்ரானுக்கும் மற்றவர்களுக்கு உருளும் அதே பகடைதான். 2023 பிப்ரவரியில் 38 வயதில் கரீமின் 38,387 புள்ளிச் சாதனையை முறியடித்த லெப்ரான், வயதுச் சாய்வுக்கே விதிவிலக்கு. நிரல் விதிவிலக்குகளைத் திட்டமிட்டு உருவாக்குவதில்லை. ஓர் ஓட்டத்தில் அவர் 31 வயதில் சாதாரண ஆளாகிவிடுவார், இன்னோர் ஓட்டத்தில் 36 வரை தாங்குவார். 34ஐத் தாண்டிவிட்டால் வருடா வருடம் ஓய்வுக்கென்றும் தனியாக ஒரு பகடை உருளும். வயது ஏற ஏறவும் மதிப்பு இறங்க இறங்கவும் அவர் விடைபெறும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும்.

இது பிடிக்காதவர்களுக்காக அமைப்பில் ஒரு திருகாணி வைத்திருக்கிறார்கள். நிஜ வாழ்க்கையை எவ்வளவு பின்பற்ற வேண்டும் என்று 0 முதல் 100 சதவீதம் வரை திருப்பிக்கொள்ளலாம். 100இல் வைத்தால் லெப்ரான் நிஜத்தில் எப்படி மூத்தாரோ அப்படியே மூப்பார், 35 வயது லெப்ரானை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். அதுவும் நிஜத்தின் எண்கள் கைவசம் இருக்கும் வருடம் வரைதான். அதைத் தாண்டிய ப்ரீசீசனில் அவருக்கும் பகடைதான்.